தானாக வந்த ஓலை

எங்கள் புத்தூர் வீட்டுக் கூடத்தில் இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே ஒரு சின்ன மரப்பலகை உண்டு. அதன்மேல் மோடம் இருக்கும். மோடத்தின் இரண்டு கொம்புகளுக்கு நடுவே, சிலுவையாக மடித்த காய்ந்த குருத்தோலை ஒன்று செருகியிருக்கும். குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துக் கொடுக்கிற ஓலையை எல்லார் வீட்டிலும் படத்துக்குப் பின்னால்தான் செருகி வைப்பார்கள். என் சித்தப்பா அதோடு விடாமல் மோடத்திலும் ஒன்று செருகினார். கேட்டால், "நெட்டு கட்டாகாம இருக்கட்டும் பாப்பா" என்பார். கிண்டலுக்குச் சொல்கிறாரா, நம்பித்தான் சொல்கிறாரா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. நெட் என்னவோ தன் பாட்டுக்குப் போய்ப் போய் வந்துகொண்டுதான் இருந்தது.

அப்பா நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே இறந்துவிட்டார். அதன்பிறகு எனக்கும் அம்மாவுக்கும் துணையாக அந்த வீட்டில் இருந்தவர் அப்பாவின் தம்பியான இந்தச் சித்தப்பாதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மனிதர்கள் தோட்டம் போடுவார்கள், செஸ் ஆடுவார்கள், குறைந்தது மத்தியானம் தூங்கவாவது செய்வார்கள். இவர் எங்கள் பங்குக் கோயிலுக்கு ஓர் இணையதளம் நடத்த ஆரம்பித்தார். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அதுதான். மடி மட்டும் என்னுடையது.

ஆரம்பத்தில் அது சாதுவான தளம்தான். பூசை நேரம், பாவசங்கீர்த்தன நேரம், திருவிழாக் கொடியேற்றப் படங்கள் நாலைந்து. யாரும் பார்க்கவில்லை. அது சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "நேத்துப் பார்த்ததேதான் இன்னைக்கும் இருக்குன்னா எவன் வருவான்? தினம் புதுசா ஏதாவது வரணும்" என்று அவர் புலம்ப, ஸ்ரீரங்கத்திலிருந்த அவருடைய பழைய ஆய்வுக்கூடச் சிநேகிதர் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். அவர் தங்கள் வீதிக்காக இதேபோல ஒரு தளம் நடத்துகிறவர். மற்ற தளங்களில் புதிதாக எது வந்தாலும் அதை 'ஃபீட்' என்று ஓர் ஓடை மாதிரி வெளியே விடுவார்களாம். நம் தளத்தில் ஒரு சின்னக் கருவியைப் பொருத்திவிட்டால், மணிக்கொரு தரம் அதுவே போய் அந்த ஓடையிலிருந்து மொண்டு வந்து நம் பக்கத்தில் பதிவாகப் போட்டுவிடுமாம். சிநேகிதரே அதைப் பொருத்தியும் கொடுத்தார்.

சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "முக்கொம்புல மதகைத் திறந்தா தண்ணி தானா வாய்க்கால்ல வருது. எவனாவது குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடுறானா? அந்த மாதிரி இது. தானா வரும்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் விளக்கினார். பால்காரரிடம்கூட விளக்கினார். தானா வரும், தானா வரும். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சலாக வரும். எங்கள் வீட்டில் தானாக வந்தது என்று நான் கண்டது கரப்பான்பூச்சி ஒன்றுதான். "மதகுன்னா திறக்கவும் ஆள் வேணும், மூடவும் ஆள் வேணும் சித்தப்பா. வர்றதை ஒரு தடவை படிச்சுப் பார்த்துட்டுப் போடக் கூடாதா?" என்று கேட்டேன். "படிச்சுப் பார்த்துப் போடறதுன்னா அப்புறம் அதுக்கு எதுக்கு மெஷினு?" என்று திருப்பிக் கேட்டார். ஆய்வுக்கூடத்தில் இத்தனை வருஷம் மாணவர்களை அமிலத்தோடு பழகவிட்ட மனிதர் பேசுகிற பேச்சா இது?

இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அந்தத் தளம் பிறப்பதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் எனக்கு ஒரு கல்யாணம் பேசி நிச்சயமாகி, ஓலையும் வாசித்தார்கள். எங்கள் கோயில்களில் கல்யாணத்துக்கு முன்னால் வரிசையாக மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது என்று பூசையில் அறிவிப்பார்கள். அதைத்தான் ஓலை என்போம். கடைசியில் ஒரு வரி வரும்: இத்திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் அதைப் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். சின்ன வயதில் அந்த வரி வரும்போதெல்லாம் யாராவது எழுந்து நிற்கமாட்டார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். ஒருவரும் நின்றதில்லை.

இரண்டாம் ஓலை வாசித்த வாரத்தில் அந்த மாப்பிள்ளை நான் கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். என்னைப் பார்க்க அல்ல. நேரே தலைமையாசிரியையின் அறைக்குப் போய், கல்யாணத்துக்குப் பிறகு நான் வேலைக்கு வரமாட்டேன், வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். மத்தியானம் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னபோதுதான் நான் வேலையை விடுவது எனக்கே தெரிந்தது. சாயந்திரம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொன்னேன். அம்மா அழுதார். சித்தப்பா ஒன்றும் கேட்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு பங்குத்தந்தையின் பங்களாவுக்குப் போனார்.

போனவர் என்ன சொன்னார் தெரியுமா? தனக்கு அந்தக் குடும்பம் பிடிக்கவில்லை, தான்தான் நிறுத்துகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "வேணாம்னது நான். நீங்க எதுக்கு உங்க பேரைச் சொன்னீங்க?" என்றேன். "பொண்ணு சொன்னான்னா ஊரு ஆயிரம் பேசும். நான் சொன்னா என்ன, கிழவன் கிறுக்குப் புடிச்சவன்னு போயிடும். நீ வாயத் திறக்காத" என்றார். அப்படியே போயிற்று. பாலக்கரையிலிருந்த அந்த மாப்பிள்ளை வீட்டார் அதன்பிறகு வழியில் பார்த்தால் அவரிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எங்கள் உறவிலேயே சிலர், பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தவர் என்று அவரைப் பேசினார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். எனக்காகத்தான் செய்தார், தெரியும். ஆனாலும், என் வேலையை ஒருவர் என்னைக் கேட்காமல் விட்டுக்கொடுத்தார். என் 'வேண்டாம்' என்ற சொல்லை இன்னொருவர் என்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டார். ஒன்று கெட்ட எண்ணம், ஒன்று நல்ல எண்ணம். நடுவில் நான் மட்டும் வாயில்லாப் பூச்சியாக நின்றது எனக்கு ரொம்ப நாள் உறுத்திற்று.

பிறகு ஒரு வரன் வந்தது. லால்குடிக்காரர், மின்சார அலுவலகத்தில் வேலை. நிச்சயம் முடிந்து இரண்டு வீட்டாருமாக ஒரு நாள் முக்கொம்புக்குப் போயிருந்தபோது, பழைய கதையை நடந்தது நடந்தபடி அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "இதை உங்க வாயால சொன்னீங்களே, அது போதும்" என்றார். தன் அம்மாவிடம் அவர் சொல்லவில்லை. அவர் அம்மா ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. அந்த அம்மாள் ஒரு பார்வை பார்த்தால் நாமாகவே வரிசையில் போய் நின்றுவிடுவோம். தானாகத் தெரியவரும்போது தெரியட்டும் என்று விட்டுவிட்டார் மனிதர். இவருக்கும் அந்தத் 'தானாக' தொற்றியிருந்தது போலிருக்கிறது.

முதல் ஓலை வாசித்தாயிற்று. இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. அந்த வாரம் எங்கள் மறைவட்டத்து இளைஞர்கள், சுற்றுப்பட்டுப் பங்குகளின் வாராந்தர அறிவிப்புகளையெல்லாம் போட்டுவந்த தங்கள் தளத்தைப் புது இடத்துக்கு மாற்றினார்கள். மாற்றியபோது வருஷக்கணக்கான பழைய அறிவிப்புகள் எல்லாம் புதுச் செய்தி போல ஓடையில் மறுபடி இறங்கிவிட்டன. அந்த ஓடையில்தான் மொண்டுகொண்டிருந்த சித்தப்பாவின் கருவி இருக்கிறதே, அது பழசு புதுசு பார்க்காது. வந்ததையெல்லாம் அள்ளி, அன்றைய தேதி குத்தி, எங்கள் தளத்தில் போட்டுவிட்டது. கத்திரி வெயிலில் கிறிஸ்துமஸ் குடில் போட்டி அறிவிப்பு வந்தது. மாறிப் போன பழைய பங்குத்தந்தைக்கு வரவேற்பு விழா வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, எனக்கும் பாலக்கரைக்காரருக்கும் நடக்கவிருக்கும் திருமணத்தின் இரண்டாம் ஓலை வந்தது. அதற்குக் கீழேயே எனக்கும் லால்குடிக்காரருக்கும் நடக்கவிருக்கும் திருமணத்தின் இரண்டாம் ஓலை. ஒரே பெண், ஒரே வாரம், இரண்டு மாப்பிள்ளை.

அதோடு விட்டதா? அன்றைக்குக் காலையில்தான் சித்தப்பா என் வருங்கால மாமியாருக்கு, 'நமது தளத்தில் தங்கள் மகன் பெயர் வந்துள்ளது, கண்டு மகிழவும்' என்று வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பி, கூப்பிய கைகள் வேறு போட்டிருந்தார். அந்த அம்மாள் கண்டார். மகிழவில்லை.

நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்து சித்தப்பாவின் மடிக்கணினியில் அந்தப் பதிவை நீக்கினேன். அடுத்த மணிக்கு அது மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது. மறுபடி நீக்கினேன், மறுபடி வந்தது. நாம் நீக்கினால், 'அடடா, இது இங்கே இல்லையே' என்று கருவி போய் இன்னொரு தரம் எடுத்து வருமாம். கருவியையே நிறுத்தலாம் என்றால் அதற்கான சாவி, அதாவது கடவுச்சொல், சித்தப்பாவிடம் இல்லை. அது ஸ்ரீரங்கத்துச் சிநேகிதரிடம் இருந்தது. சிநேகிதர் போனை வீட்டில் வைத்துவிட்டு வெளியூர்க் கோயிலுக்குப் போயிருந்தார். "நான் என்ன பாப்பா பண்ணேன்? அது தானா வந்துச்சு" என்றார் சித்தப்பா. அந்த நிமிஷம் மோடத்தைப் பிய்த்து வீசியிருப்பேன். அதில் மந்திரித்த ஓலை இருந்ததால் விட்டேன்.

தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்ற வரியை, என் ஆயுளில் முதல் தடவையாக, ஊர் மொத்தமும் நிறைவேற்றியது. எங்கள் அன்பியத்துப் பெண்கள், அதாவது தெருவாரியாகக் கூடி ஜெபிக்கிற கோயில் குழுவினர், வரிசையாகப் பங்களாவுக்குப் போயிருக்கிறார்கள். "சாமி, மனசாட்சி உறுத்துது, அதான் சொல்ல வந்தேன்" என்று ஆளாளுக்கு ஒரே செய்தியைச் சொல்லியிருக்கிறார்கள். என் பழைய கதை தெரிந்தவர்கள்கூடப் போனார்கள் என்பதுதான் வேடிக்கை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பங்குத்தந்தை புதிதாக மாற்றலாகி வந்தவர். அவருக்கு ஒன்றும் தெரியாது. விசாரிக்காமல் மூன்றாம் ஓலை வாசிக்க மாட்டேன் என்று எங்கள் இரண்டு வீட்டையும் வரச் சொன்னார். மண்டபம் பேசி, பத்திரிகை கொடுத்து முடித்திருந்த நேரம். இந்தக் கல்யாணமும் நின்றால் மூன்றாவதாக ஒருவன் எங்கள் வாசல்படி ஏறமாட்டான் என்று அம்மா ஜபமாலையைக் கையிலிருந்து இறக்கவேயில்லை. எனக்கு மூன்றாமவனைப் பற்றிக் கவலை இல்லை. முக்கொம்பில் என் பேச்சை முழுதாகக் கேட்ட அந்த மனிதர் எனக்கு வேண்டும். அதுதான் கவலை.

பங்களாவின் முன்னறையில் ஒரு பக்கம் நானும் அம்மாவும், எதிரே அவரும் அவர் அம்மாவும், நடுவில் மேசைக்குப் பின்னால் பங்குத்தந்தை. சித்தப்பா மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைசியாக வந்தார். வந்தவர் உட்காரவில்லை. "தோத்திரம் ஃபாதர். இது எப்படின்னா, முக்கொம்புல மதகு இருக்குல்ல" என்று ஆரம்பித்துவிட்டார். "மதகு இருக்கட்டுங்க. இந்தப் பொண்ணுக்கு முன்னாடி ஓலை வாசிச்சது உண்மையா?" என்றார் பங்குத்தந்தை. "உண்மைதான் ஃபாதர். அதை நிறுத்தினதும் நான்தான். எனக்குத்தான் அந்தக் குடும்பம்..." என்று சித்தப்பா அதே பழைய பாட்டை எடுத்தார். லால்குடி அம்மாளின் பார்வை அவர்மேல் போயிற்று. இவரா, இவர்தான் கல்யாணங்களை நிறுத்துகிற ஆளா என்று அந்தப் பார்வை கேட்டது. இந்த மனிதர் இன்னும் ஒரு வாக்கியம் பேசினால் எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது.

"சித்தப்பா, போதும். நானே சொல்றேன்" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. நான் எழுந்து, பள்ளிக்கூடத்தில் நடந்ததையும், சாயந்திரம் வீட்டுக்கு வந்து நான் சொன்னதையும், சித்தப்பா போய்ப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டதையும் சொன்னேன். "வேணாம்னு சொன்னது நான்தான் ஃபாதர். இவர் இல்லை. இப்ப இந்தக் கல்யாணம் வேணும்னு சொல்றதும் நான்தான்." சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சித்தப்பா மெல்ல ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

லால்குடி அம்மாள் தன் மகனைப் பார்த்து, "உனக்கு இது தெரியுமாடா?" என்று கேட்டார். "தெரியும்மா. இவங்களே சொன்னாங்க" என்றார் அவர். அம்மாள் கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, அன்றைக்குத்தான் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "என் ஸ்கூலுக்கு எவனாவது வந்து, எங்க டீச்சர் ஒருத்தி வேலைய விடறான்னு அவ சார்பா சொல்லியிருந்தா, கேட்டுக்கு வெளியில நிறுத்தியிருப்பேன்" என்றார். பிறகு பங்குத்தந்தையிடம் திரும்பி, "நீங்க மூணாவது ஓலைய வாசிங்க ஃபாதர்" என்றார். சித்தப்பாவையும் அவர் விடவில்லை. "உங்களுக்கு நல்ல மனசுங்க. ஆனா அந்தப் பொண்ணுக்கும் வாய் இருக்குங்க" என்றார். என் ஆயுளில் ஒரு மாமியாரைப் பார்த்து அழுகை வந்தது அப்போதுதான். எல்லாரும் எழுந்து கிளம்பும் நேரத்தில் பங்குத்தந்தை தன் போனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, "அது திரும்ப வந்திருக்கு, பாருங்க" என்று நீட்டினார்.

நேரே சித்தப்பாவை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போனேன். வழி நெடுக அவர் ஒரு தடவைகூட மதகைப் பற்றிப் பேசவில்லை. அப்படி ஒரு அதிசயம் அதற்கு முன்னால் நடந்ததில்லை. சிநேகிதர் அப்போதுதான் பெருமாளைச் சேவித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஓய், வர்றதெல்லாம் முதல்ல வரைவா விழட்டும், நீர் பார்த்து ஒண்ணொண்ணா வெளியிடும்னு அன்னிக்கே படிச்சுப் படிச்சு சொன்னேனே. வாசல்ல வந்து நிக்கறவாளையெல்லாம் யார் எவர்னு கேக்காம உள்ளே விடுவாளா?" என்று கடிந்துகொண்டே, கருவியை நிறுத்தி, அந்தப் பழைய பதிவுகளையெல்லாம் துடைத்து, இனி எது வந்தாலும் வரைவாக மட்டும் நிற்கும்படி மாற்றிக் கொடுத்தார். அவர் வீட்டில் காபி கொடுத்தார்கள். சித்தப்பா டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஆறியபிறகுதான் குடித்தார்.

ஞாயிறன்று மூன்றாம் ஓலை வாசித்தார்கள். தடை ஏதும் அறிந்தவர்கள் என்ற வரி வந்தபோது கோயிலில் பாதிப் பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் நேராக உட்கார்ந்திருந்தேன். கல்யாணம் நடந்தது. அதன்பிறகும் நாங்கள் புத்தூர் வீட்டிலேயே இருந்தோம்.

கதை சுபமாக முடிந்தது என்று நினைத்தால், அதுதான் இல்லை. அன்றையிலிருந்து சித்தப்பா என்னைக் கேட்காமல் ஒரு பதிவும் போடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டார். எதற்கும் கேட்பார். வகுப்பில் பாதிக் கணக்கில் இருக்கும்போது போன் வரும். "பாப்பா, நாளைக்கு வாசகம் வந்திருக்கு. போடவா?" பைபிள் வாசகத்துக்கு நான் என்ன அனுமதி கொடுப்பது? "புத்தூர்ல மின்தடைன்னு வந்திருக்கு. போடவா?" மின்தடையைச் செய்கிறவரே என் வீட்டுக்காரர்தான், அவருக்குத் தெரியாததா? குழம்பு கொதிக்கும்போது கேட்பார், பேறுகாலத்துக்கு நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் கேட்டார். "போடுங்க சித்தப்பா, கேட்டுத் தொலைக்காதீங்க" என்று கத்தியிருக்கிறேன். "இல்லம்மா, அப்புறம் என்னைக் கேட்கலைன்னு நீ சொல்லுவ" என்பார், கொஞ்சமும் கோபம் இல்லாமல். ஒரு மனிதர் கேட்காமல் செய்தும் உயிரை வாங்கலாம், கேட்டுக் கேட்டுச் செய்தும் உயிரை வாங்கலாம் என்று அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். கண் மங்கி எழுத்துத் தெரியாமல் போனபிறகு வேலையை என்னிடம் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "என்ன வந்திருக்கு? போட்டுட்டியா?" என்று கேட்பதை விடவில்லை.

போன மாரிக்காலத்தில் ஒரு விடியற்காலையில், புத்தூர் ஆஸ்பத்திரியில், தூக்கத்திலேயே போய்விட்டார். அம்மாவைத் தேற்றி, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லி முடித்து, மற்றவர்களுக்கும் அடக்கப் பூசையின் நேரம் தெரிய வேண்டுமே என்று மடிக்கணினியைத் திறந்தேன். மறைவட்டத்து இளைஞர்கள் எனக்கு முன்பே எழுதிவிட்டிருந்தார்கள். எங்கள் பங்கின் இணையதளப் பொறுப்பாளர், இன்னார், இறைவனடி சேர்ந்தார், அடக்கத் திருப்பலி மாலையில். அது ஓடை வழியாக எங்கள் தளத்துக்கு வந்து, வரைவாக நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் 'வெளியிடு' என்ற பொத்தான். எது வந்தாலும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சண்டை போட்டவள் நான். அன்றைக்கு ஒரு நாள் மட்டும், அது தானாகவே போயிருக்கக் கூடாதா என்று இருந்தது. பக்கத்து நாற்காலி அவர் இழுத்துப் போட்ட இடத்திலேயே இருந்தது. போடவா என்று கேட்க ஆள் இல்லை. பொத்தானை அழுத்தி இதையும் நானேதான் ஊருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

விபூதிப் புதனுக்கு முன்னால் பழைய ஓலைகளைக் கொண்டுவந்து கொடுங்கள், எரித்து நெற்றியில் பூசச் சாம்பல் எடுக்க வேண்டும் என்று இந்த வருஷமும் கோயிலில் அறிவித்தார்கள். அறிவிப்பை நான்தான் படித்துப் பார்த்துத் தளத்தில் போட்டேன். படத்துக்குப் பின்னாலிருந்த ஓலையை எடுத்துக் கொடுத்தேன். மோடத்தில் இருப்பதை எடுக்கவில்லை. அது அங்கேயேதான் இருக்கிறது. நெட் இப்போதும் போய்ப் போய்த்தான் வருகிறது.